மூன்று வாட் வெளிச்சம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் வலது கால் கட்டைவிரல் ஒன்றைத் தவிர, அது ஏன் என்று பின்னால் வரும். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. "புதுசு வேண்டாம், கடிதம் வருகிறது" என்று முந்தாநாள் உனக்கு ஒரு வரி அனுப்பினேனே, அந்தக் கடிதம் இதுதான். நீ அம்மாவுக்கு அனுப்பிய கண்ணாடி கெட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் பற்றி உன்னிடம் "குருவிக்கு என்னமோ ஆயிடுச்சுடி, முனகுது, முன்ன மாதிரி கத்த மாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொன்னபோதும், நீ "விடும்மா, வேற அனுப்பச் சொல்றேன்" என்றபோதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கோளாறு எங்கே என்று அப்போதே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கச் சொல்லி உன் அம்மாவின் உத்தரவு. "நீங்க பண்ணினதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்க, போன்ல வேணாம், போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல அவளைச் சிரிக்க வச்சுத் தப்பிச்சிடுவீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். ஆகவே கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், ஒரு வியாபாரிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு வருஷமாக விளக்கு விற்கிறேன். தள்ளுவண்டியில் குண்டு பல்பைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டி, உள்ளே கம்பி அறுந்திருந்தால் கிணுகிணுக்கும், இது வாயே திறக்கவில்லை பாருங்கள் என்று சொல்லி விற்க ஆரம்பித்தவன். அந்த வண்டியின் மறுபக்கம் நின்று என்னைவிடச் சரியாக ஆட்டிப் பார்த்தவள் உன் அம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன் அவளுக்கு இரண்டு கண்ணும் முழுதாக இருண்டபோது நீ படிக்கப் போய்விட்டிருந்தாய், அதனால் அன்றாடம் நடந்தது உனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் கண் நான்தான். காலையில் எழுந்ததும் "வெளிய எப்படி இருக்கு?" என்பாள், சொல்வேன். தெருவில் யார் போகிறார்கள், எதிர்வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது, உன் சின்ன மாமா எந்தச் சட்டையில் வந்தார், அது இஸ்திரி போட்டதா இல்லையா, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போகும். நான் நல்ல விற்பனைக்காரன், எந்தச் சரக்கையும் உள்ளதை உள்ளபடி மட்டும் காட்டி விற்றதில்லை. வெறும் வானத்திலும் நாலு கருமேகம் போட்டுக் கொடுப்பேன். கூடத்துச் சுவரில் ஈரம் ஏறி உலக வரைபடம் மாதிரி ஆனதைச் சொல்லவே இல்லை. என் தலையில் ஒன்றிரண்டுதான் நரை என்று ஒன்பது வருஷமும் ஒரே விலை சொல்லிவந்தேன். ஊரில் எத்தனை விளக்குக் கடை வந்தாலும் உன் அம்மாவுக்கு உலகத்தை விற்க நான் ஒருவன்தான். ஏகபோகம். அதன் ருசி கண்டவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைக்கு எதிரே கடை போட்டவள் நீ. ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெட்டி வந்தது. உள்ளே என்ன, எப்படி வேலை செய்கிறது என்று உனக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரியா பார். கண்ணாடியின் நடுவே மிளகு அளவுக்கு ஒரு கேமரா. அது பார்ப்பதை ஒரு சின்னப் பெட்டி சத்தமாக மாற்றிக் காதருகே தருகிறது. நொடிக்கு ஒருமுறை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பெருக்கிக்கொண்டு போகும். மேலே இருப்பதற்குக் கீச்சுக் குரல், கீழே இருப்பதற்குக் கட்டைக் குரல். வெளிச்சம் என்றால் உரக்க, மங்கல் என்றால் மெல்ல, இருட்டென்றால் மௌனம். ஆக ஜன்னல் என்றால் ஒரு கத்தல், ஜன்னல் கம்பி என்றால் டிக் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டு போவது, மாடிப்படி என்றால் யாரோ இருமிக்கொண்டே மேலே ஏறுவது. இதெல்லாம் உன் அம்மா சொன்னது. எனக்கு எல்லாம் ஒன்றுதான், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது. முதல் மாதம் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. தலைவலி, குமட்டல். சீக்கிரம் அலமாரிக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அவள் அதற்குக் குருவி என்று பேர் வைத்த அன்றே என் கணக்கு தப்பு என்று புரிந்திருக்க வேண்டும், பேர் வைத்த பிராணியை யாரும் வெளியே விடுவதில்லை.

ஒரு நாள் டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைமேல் இருந்த பழத்தட்டையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்கமாட்டாமல் "எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா" என்றேன். அவள் திரும்பாமலே, "சக்களத்தி பொண்டாட்டிக்குத்தாங்க வருவா, புருஷனுக்கு வர்றதுக்குப் பேரே கிடையாது" என்றாள். யோசித்துப் பார்த்தேன், நிஜம்தான். பெண்ணுக்குப் போட்டியாக வருகிறவளுக்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, ஆணுக்குப் போட்டியாக வருகிறவனுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. தனக்கு அப்படி ஒருத்தன் உண்டென்று எந்த ஆணும் வாய்விட்டு ஒத்துக்கொண்டிருக்க மாட்டான் போலிருக்கிறது. நான் ஒத்துக்கொள்கிறேன். சொல்தான் கிடைக்கவில்லை.

போதாக்குறைக்கு நீ ஏற்பாடு செய்த பயிற்சி வாத்தியார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், என் வயதிருக்கும், நாக்குக்கு மட்டும் இருபது. செவ்வாயும் வெள்ளியும் வருவார். மேசைமேல் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு தட்டு வைப்பார், எது எங்கே என்று அம்மா குருவியைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் தடுமாறும்போதெல்லாம் நான் "இடது பக்கம் கொஞ்சம்" என்று எடுத்துக்கொடுப்பேன், பரீட்சையில் பிட் கொடுப்பது மாதிரி. நாலாவது தடவை அவர், "சார், கடைக்கு நேரமாச்சு போலிருக்கே" என்றார். இல்லையே என்றேன். "ஆச்சு சார், நீங்க பேசாம இருந்தாத்தான் அவங்களுக்குக் கேக்கும்" என்றார். உன் அம்மா சிரித்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே என்னை வெளியே அனுப்பிவிட்டார் மனிதர். அன்று கடையில் மூன்று பேர்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் மாதம் குருவி என் பக்கம் திரும்பியது. கதவருகே நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க, உங்க தலைக்கு மேல என்ன, டியூப் லைட்டா?" என்றாள். அங்கே ஒன்றும் இல்லையே என்றேன். "பின்ன ஏன் உச்சியில இந்தக் கத்து கத்துது" என்று கிட்டே வந்து என் முடியில் கை வைத்தாள். "ஒண்ணு ரெண்டு நரையா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வருஷ வியாபாரம் ஒரு நொடியில் திவால். அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். விளக்குக் கடை என்றால் குருவிக்குக் கல்யாண வீடு இல்லையா, வாசலிலேயே நின்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "வலது சுவர்ல, மேல் வரிசையில ஒண்ணு அணைஞ்சிருக்கு" என்றாள். பார்த்தோம். கடைசியிலிருந்து மூன்றாவது. கண் உள்ள ஆறு பேர் ஒரு வாரமாக அதன் கீழேதான் நடமாடிக்கொண்டிருந்தோம். சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நம் கிடங்கு அண்ணன் கையைத் தட்டினார். என்னிடம் பேசிக்கொண்டிருந்த வாடிக்கைக்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நானும் சிரித்தேன், பல் மட்டும்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ அதை அனுப்புவதற்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு நாலு வாரம் போட்டுப் பார்த்தாயாமே, அதனால் உங்கள் இருவருக்கும் ஒரு பாஷை கிடைத்துவிட்டது. "மழைக்கு முன்னாடி வானம் எப்படிம்மா கேட்டுச்சு?" என்பாய் நீ, அவள் உஸ் என்றும் ஊய் என்றும் ஏதோ சொல்வாள், அந்தப் பக்கம் நீ சிரிப்பாய். என் வீட்டில், என் வானத்தைப் பற்றி, எனக்குப் புரியாத பேச்சு. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போனோம். ஒன்பது வருஷமாக அங்கே நடப்பது ஒன்றுதான். அவள் "இருக்கா?" என்பாள், நான் நிலா எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்வேன். இல்லாத நாளிலும் இருப்பதாகச் சில சமயம் சொல்லியிருக்கிறேன், வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. அன்று வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது, நான் கொடியிலிருந்து கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் என் தோளைத் தட்டி, "அதோ, தண்ணித் தொட்டிக்கு மேல, டிங்குன்னு ஒண்ணே ஒண்ணு, பாருங்க" என்றாள். பார்த்தேன். பாதி நிலா. நான் கவனிக்கவே இல்லை. நிலாவை அவள் எனக்குக் காட்டினாள், பாப்பா. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கு நெஞ்சில் மிளகாயை அரைத்துத் தடவியது போல இருந்தது.

மறுநாள் கிடங்கிலிருந்து மூன்று வாட் பல்பு ஆறு எடுத்துக்கொண்டு வந்தேன், படுக்கையறையில் விடிய விடிய எரியவிடுகிற சின்ன வகை. எதிரே ஐந்து மாடி எழும்பியபிறகு நம் வீட்டுக்குப் பகலிலும் விளக்குதான், உனக்குத் தெரியும். அவள் குளிக்கப் போன நேரத்தில் கூடம், நடை, சமையலறை எல்லாவற்றிலும் இருந்த நல்ல பல்பைக் கழற்றி இதை மாட்டிவிட்டு, இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் வராமல் திரையை இழுத்துவிட்டேன். அவள் ஸ்விட்ச்சைப் போடுவாள், விளக்கு எரியும், அதில் பொய் இல்லை, எவ்வளவு எரிகிறது என்பது மட்டும் எனக்கும் பல்புக்கும் இடையில். எதிர்க்கடைப் பலகையை மறைத்து வியாபாரம் பண்ணுகிறவன் வியாபாரியே இல்லை, உன் சரக்கைத் தூக்கிப் பிடி என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்த வாயால் சொல்கிறேன், வாழ்நாளெல்லாம் வெளிச்சம் விற்றவன் என் வீட்டு வெளிச்சத்தையே திருடினேன். குருவி முனக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் சொன்னது அதைத்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடுத்து வந்த நாட்களைப்போல் நான் இருந்து ரொம்ப காலம் ஆகிறது. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாதக்கணக்குக்குப் பிறகு "வெளிய எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் மூட்டையை அவிழ்த்தேன். கடைத்தெருவில் லாரி பின்னால் எடுக்கத் தெரியாமல் ஒருவன் பட்ட பாடு, எதிர்வீட்டுக்காரர் புது மீசை, ஒன்று விடவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்படியா", "அடப்பாவமே" என்று கேட்டுக்கொண்டாள். புதன்கிழமை ஏழு மணிக்குக் கடையிலிருந்து வந்து நடையில் கால் வைத்தேன். மூன்று வாட்டில் அங்கே ஒரு முக்காலி இருப்பது எனக்கெங்கே தெரியும். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, குடையும் பையும் நானும் ஆளுக்கொரு மூலை. உன் அம்மா அந்த மங்கலில் நட்டநடு வெயிலில் நடப்பவள் போல நேராக வந்து, முழங்கையைப் பிடித்துத் தூக்கி, "இடது பக்கம் கொஞ்சம்" என்று வழி சொல்லிக்கொண்டே நாற்காலிவரை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இருட்டு வைத்தவன் நான், விழுந்தவனும் நான். இருட்டில் அவளுக்கு என்ன நஷ்டம்? மருந்து வைத்துக் கட்டி, முடிச்சை இறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "மூணு வாட் பல்பை மாட்டினா இப்படித்தான் ஆகும்."

திங்கட்கிழமையே தெரியுமாம். நான் சரக்கு பார்க்க வெளியே போயிருந்தபோது கடைக்கு வந்திருக்கிறாள், குருவி அங்கே எப்போதும்போல் ஊரைக் கூட்டியிருக்கிறது. கடையில் கத்துவது வீட்டில் ஏன் முனக வேண்டும் என்று நின்ற இடத்தில் யோசித்துவிட்டு, கிடங்கு அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி, வீட்டுக்கு என்ன பல்பு கொண்டுபோனார் என்று. அவருக்குப் பொய் வராது, அதற்காகத்தான் அவரைக் கிடங்கில் வைத்தேன், அதுவே எனக்கு வினையாகிவிட்டது. "ஆறு உருப்படி, மூணு வாட், ஏன் அண்ணி, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். பிறகு ஏன் மூன்று நாள் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். "மூணு வாட்ல மூணு நாள் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டேன்" என்றாள். அந்த "அப்படியா"வெல்லாம் எனக்கு இனாமாகப் போட்டது. விரல் வலியைவிட அதுதான் வலித்தது. மருந்துப் பெட்டியை மூடிவிட்டு அவளே பேசினாள், குரலில் கிண்டல் இல்லை. "ஒன்பது வருஷமா நீங்க பாத்ததை நான் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. நீங்க பாக்காம விட்டதை நான் பாக்கக் கூடாதாங்க?" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே ஏணி ஏறி எல்லாப் பல்பையும் பழையபடி மாட்டினேன், கூடத்தில் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகவே போட்டேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, "நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க" என்றாள். ஒரே இரைச்சல். அதில் பளிச்சென்று நெட்டையாக ஒன்று கேட்டது, அன்று அவள் வெளிர் நிற உடைதான் உடுத்தியிருந்தாள், "இதோ" என்று நேராகப் போய்க் கையைப் போட்டேன். சில்லென்று இருந்தது. "ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடிச்சது போதும், இப்படி வாங்க" என்று பின்னாலிருந்து குரல். ஆறு மாதம் அவள் இந்த இரைச்சலில் உட்கார்ந்து கதவு வேறு, அலமாரி வேறு, நான் வேறு என்று பிரித்து எடுத்திருக்கிறாள். நான் அதை இயந்திரத்தின் சாமர்த்தியம் என்று நினைத்து இயந்திரத்தின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவள்மேலேயே பொறாமையாக இருக்கிறது. ஆறு மாதமாக வாயில் நின்றதை அப்போதுதான் கேட்டேன், இதில் நான் எப்படி இருக்கிறேன் என்று. நரை கத்துவது தெரியும், மற்றது? அவள் சொல்ல மாட்டேன் என்றாள். "கத்துக்கிட்டு நீங்களே நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டுக்குங்க" என்றாள். உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள், அதை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மற்றபடி, உன் சின்ன மாமாவுக்கு முழங்கால் தேவலை, இப்போது நடப்பதைவிட அதைப்பற்றிப் பேசுவதுதான் அதிகம். சுவருக்கு ஈரம் போக்க ஆள் வருகிறார்கள், இனி மறைக்க முடியாது. உன் மேசை விளக்கை இடது பக்கம் வை, எழுதும் கைமேல் நிழல் விழக் கூடாது. நாற்காலிக்கு முதுகு இருக்கட்டும், நாகரிகம் என்று முக்காலி வாங்காதே, முக்காலியைப் பற்றி நான் சொன்னால் கேள்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். நிலா வந்த இடத்தில் "இல்லாத நாள்லயும் சொல்லுவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், மாசத்துக்கு நாலு பௌர்ணமி எங்க வரும்" என்றாள். ஃபிரிட்ஜ் வந்த இடத்தில் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். இப்போது குருவியோடு மாடிக்குப் போயிருக்கிறாள், என்னைக் கூப்பிடவில்லை. இதற்குக் கீழே இருப்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கண்ணாடி செய்கிற அந்தக் கம்பெனிக்கு எழுது பாப்பா. அம்மாவுக்கு வேண்டாம், எனக்கு ஒன்று. கண் நன்றாகத் தெரிகிற ஆளுக்கு எதற்கு என்று கேட்டால், வீட்டில் பேசுகிற பாஷை தெரியவில்லை என்று சொல். கடை முகவரிக்கு அனுப்பு, கிடங்கு அண்ணன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள். வாத்தியாரிடம் நானே பேசி, மதியம் கடைக்கு வந்து சொல்லித்தர ஒத்துக்கொள்ளவைத்துவிட்டேன். "இப்ப நான் பேசலாமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார், வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு, நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்குமேல் நல்ல வெளிச்சம் இருக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது வாய் தவறி உளறிவிடாதே. நான் எப்படிக் கேட்கிறேன் என்று அவள் உன்னிடம் சொன்னாளே, அதையும் எனக்குச் சொல்லிவிடாதே. எத்தனை மாதம் ஆனாலும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன்மேலும் கொஞ்சம் பொறாமையோடு,
உன் அப்பா